கன்னத்தில் போட்டுக்கொண்ட மதுக்கூடம்

இழுத்து மூடப்பட்ட 'மூன்று வாத்துகள்' மதுக்கூடத்தின் வரலாற்றை, அதன் சுவர்களில் தங்கியிருந்த ஒலிகளைக் கேட்டு ஓர் எந்திரம் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த இங்கிலாந்துச் சிற்றூரே கூடியிருந்தது.

"கடை மூடும் மணி அடித்ததும் இவ்வூரார் கன்னத்தில் போட்டுக்கொள்வர். இது தொன்மையான ஆங்கில வழக்கம்" என்றது எந்திரம்.

இளம்பரிதி எழுந்தான். "தப்பு. அது என் மனைவி மேகலை ஆரம்பிச்சது. மணிச் சத்தம் கேட்டதும் கோயில்னு நினைச்சு கை தானா போயிடுச்சு. மத்தவங்க அதைப் பார்த்துப் பிடிச்சுக்கிட்டாங்க. அவ பேரைப் போடு."

மேகலையின் தம்பி தரணி அவன் சட்டையை இழுத்தான். "விடுங்க அத்தான். வெள்ளைக்காரங்களையே கன்னத்துல போட வெச்சுட்டா எங்கக்கா. அது போதாதா?"

"போதாது. அவளும் போய், பேரும் போகணுமா?"

எந்திரம் சுவரை மறுபடியும் துழாவியது. சுவரிலிருந்து பழைய மணி ஒலித்தது. "அய்யோ, சாமி!" என்று பதறியது மேகலையின் குரல். உடனே ஓர் ஆண் குரல் வயிறு வெடிக்கச் சிரித்தது.

எந்திரம் தன் பிழையைத் திருத்தி, மேகலையின் பெயரை வரலாற்றில் சேர்த்தது. ஊரார் கைதட்டினார்கள். இளம்பரிதி தரணியின் பக்கம் குனிந்தான்.

"யாருடா அவன், இப்படிச் சிரிக்கிறான்?"

"நீங்கதான் அத்தான்."