முதல் பனி, முதல் கையெழுத்து

“அவரா? விடியறதுக்கு முன்னாடியே பூட்ஸை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாரே அண்ணா! பிளாஸ்க் நிறைய காபி, ரெண்டு வாரப் பத்திரிகை எல்லாம் எடுத்துக்கிட்டுப் போனாரு” என்றாள் சம்பந்தியம்மாள் போனில்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் முழங்கால் வரை பனியில் புதைந்து நின்றபடி போனைப் பைக்குள் திணித்தார்.

“நடடா சீக்கிரம். உன் மாமனார் இந்தத் தடவையும் முந்திக்கிட்டாரு. உச்சியில உக்காந்து பத்திரிகை வேற படிக்கப் போறாராம்!”

மகன் பெருமூச்சோடு பின்தொடர்ந்தான். அப்பா ஜெயித்தால் மனைவி முறைப்பாள், மாமனார் ஜெயித்தால் அம்மா முறைப்பாள். அவனுக்கு எப்படியும் நஷ்டம்தான்.

அது ஒரு குட்டி மலை. சுற்றிலும் பெரிய பெரிய மலைகள் இருக்கும்போது இதை யார் சீண்டுவார்கள்? அதனால் பாதை என்று ஒன்று கிடையாது. புதர், பாறை, விழுந்து கிடக்கும் மரம் என்று கிடைத்த சந்தில் நுழைந்து ஏற வேண்டியதுதான்.

முதல் பனி விழுந்த பிறகு யார் முதலில் உச்சிக்குப் போய், அங்கே தகரப் பெட்டியில் இருக்கும் டைரியில் கையெழுத்துப் போடுகிறார் என்பதுதான் சம்பந்திகள் இருவருக்கும் பந்தயம். டைரி உபயம் சம்பந்தி. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை என்பதால், தேதிக்கு ஒரு பக்கம் என்று தடிமனான டைரி கிடைக்கும். கோடையிலேயே கொண்டுபோய் வைத்துவிடுவார்.

போன இரண்டு வருஷமும் ஜெயித்தது அவர்தான். இவர் நாக்குத் தள்ள மேலே போய்ச் சேர்ந்தால், அன்றைய பக்கத்தில் அவருடைய கையெழுத்து இவரைப் பார்த்துச் சிரிக்கும். ஆளைக் காணவே முடியாது. “நான் அந்தப் பக்கமா இறங்கிட்டேன் சம்பந்தி” என்பார் சாவகாசமாக.

நேற்று பகல் பூராவும் முதல் பனி கொட்டியது. இன்று பளிச்சென்று வெயில். இந்தத் தடவை பந்தயம் லேசுப்பட்டதும் இல்லை. அடுத்த வாரம் பிறக்கப்போகும் பேரக்குழந்தைக்கு, ஜெயிப்பவர்தான் பேர் வைப்பார்.

“அவர் முடிவு பண்ணியிருக்கிற பேரு பதினாறு எழுத்துடா. கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள குழந்தைக்கு மீசை முளைச்சிடும்!”

“பொண்ணா பொறந்தா?”

“பொண்ணுக்கும் முளைக்கும். அவ்வளவு நீளம்.”

“நீங்க சொல்ற பேரு ரெண்டே எழுத்து. யாரோ தும்மற மாதிரி இருக்கு.”

கண்ணாடிக் கடைக்காரருக்குச் சுருக்கென்றது. ஒரு மாதமாகக் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அந்த இரண்டெழுத்தைத்தான் மெல்லக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

பாதி மலையில் பனிக்குழி ஒன்றில் இடுப்பு வரை இறங்கிவிட்டார். மகன் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்டவருக்கு, ஆவி படிந்த தன் கண்ணாடியைத் துடைத்து மாளவில்லை.

“எங்கேயாவது கால்தடம் தெரியுதாடா?”

“ஒண்ணும் இல்லப்பா.”

“அந்தப் பக்கமா ஏறியிருப்பாரு. கில்லாடி!”

உச்சிக்கு வந்தபோது மணி பதினொன்று. தகரப் பெட்டியின் மூடி உறைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. மகன் கல்லால் இரண்டு தட்டுத் தட்டித் திறந்து, அன்றைய தேதியைப் புரட்டி எடுத்தான்.

நீல மையில் முத்து முத்தான எழுத்து. ‘காலை 8.10. சுகமான காற்று. சம்பந்திக்கு என் அனுதாபங்கள்.’ கீழே வாலை நீட்டிக்கொண்டு கையெழுத்து.

கண்ணாடிக் கடைக்காரர் அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டார். இடுப்பு வலியெல்லாம் இப்போதுதான் ஒன்றாகத் தெரிந்தது.

“போச்சுடா. பதினாறு எழுத்து.”

“விடுங்கப்பா. வீட்டுல நாம சுருக்கிக் கூப்பிட்டுக்கலாம்.”

“அது எப்படிடா? தோத்தா தோத்ததுதான். குடு, வந்ததுக்கு அடையாளமா நானும் ஒரு கையெழுத்துப் போடறேன்.”

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கிறுக்கினார். எழுதவில்லை. உதறினார், வாயால் ஊதினார், அக்குளில் வைத்துச் சூடாக்கினார். ஒரு பொட்டு மை இறங்கவில்லை.

“இந்தக் குளிர்ல மை உறைஞ்சிடும்ப்பா. இந்தாங்க பென்சில்.”

“அவர் பேனா மட்டும் எப்படி எழுதிச்சு?” என்றார் பொறாமையோடு. “கம்பெனியில ஒசத்திப் பேனாவா குடுப்பாங்க போல.”

பென்சிலை வாங்கியவர், சம்பந்தியின் கையெழுத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். தோல்வியை ஒப்புக்கொள்ளலாம், ஆனால் அவருடைய காலடியில் போய் உட்கார மனசு வரவில்லை.

“அடுத்த பக்கத்தைத் திருப்புடா. அதுல தனியா போட்டுக்கறேன்.”

மகன் திருப்பினான். குனிந்தவன் நிமிரவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின.

“டேய், அழறியா? சும்மா ஒரு பேருதானேடா, விடு.”

அவன் நிமிர்ந்தான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது. டைரியை அப்பாவின் மூக்குக்கு நேரே நீட்டினான்.

“அப்பா, மாமா நாளைக்கும் வந்துட்டுப் போயிட்டாரு!”