ரேடியேட்டர் மூடி

பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட அண்ணனின் காரிலேயே போகவேண்டியதாயிற்று. பாதி வழியில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. அண்ணன் ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கினார். ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயின் கிளிப் தளர்ந்து, பச்சைத் தண்ணீர் முழுக்க ஒழுகியிருந்தது.

"நேத்துதான் சர்வீஸ்லேர்ந்து எடுத்தேன்" என்றார்.

அப்படியானால் கிளிப்பைத் தளர்த்தியது யார் என்று நான் கேட்கவில்லை. பத்திரம் தள்ளிப்போனால் லாபம் அவருக்குத்தான். பங்கு பிரிக்கவேண்டிய வீட்டில் குடியிருப்பவர் அவர். ஸ்குரூ டிரைவரால் கிளிப்பை முறுக்கிவிட்டு, கொஞ்ச நேரம் புளியமர நிழலில் நின்றார். பிறகு ஈரத் துணியை என்னிடம் நீட்டினார்.

"ஆறிருக்கும். மூடியத் தொற, தண்ணி ஊத்தலாம்."

கொதிக்கும்போது மூடியைத் திறந்து முகம் வெந்துபோன ஒரு டிரைவரை எங்கள் இருவருக்குமே தெரியும்.

"நீங்களே தொறங்கண்ணே."

அண்ணன் என்னைப் பார்த்தார். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்கையால் மூடியைத் திருகினார். ஆவிகூட வரவில்லை. குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் உள்ளே ஊற்றி, மூடியை இறுக்கினார். பிறகு சாவியை என் கையில் வைத்தார்.

"மிச்ச தூரம் நீயே ஓட்டு, கதிரேசா. நான் செத்த கண்ணசர்றேன்."

பெல்ட்கூடப் போடாமல் எனக்குப் பக்கத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். முள் இறங்கியிருந்தது. நான் வண்டியை நகர்த்தாமல் பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.