சத்தம் போடாத வண்டி

"இந்த வண்டி சத்தம் போடுமாங்க?"

வண்டிக்கடை வாசலை ஒட்டி நின்ற சிவப்பு வண்டிக்குள் உட்கார்ந்திருந்த தொப்பிக்காரர் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தார். கேட்டவர் ஒரு கோழிப்பண்ணைக்காரர். பண்ணை வேலைக்கு வண்டி வாங்க வந்திருந்தார்.

"போடுங்க. ஊரையே கூட்டிரும்" என்றார் தொப்பிக்காரர்.

பண்ணைக்காரருக்குப் புல்லரித்தது. வண்டி விற்கிறவர் வாயிலிருந்து இப்படி ஒரு உண்மையா!

அவருக்கு நல்ல வண்டி கட்டாயம் தேவைப்பட்டது. தீவன மூட்டைகளைத் தள்ளுவண்டியில் தள்ளித் தள்ளி அவர் மனைவிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. "ஒண்ணு, இன்னைக்கு வண்டி வரணும். இல்ல, நான் எங்கம்மா வீட்டுக்குப் போகணும். எதுன்னாலும் எனக்குச் சம்மதம்" என்று காலையில் படுத்தபடியே சொல்லிவிட்டார்.

"அப்போ இது வேணாங்க. சத்தம் கேட்டா எங்க கோழிங்க முட்டை போடாது. வண்டி வர்றதும் தெரியக் கூடாது, போறதும் தெரியக் கூடாது."

தொப்பிக்காரர் முகம் மலர்ந்தது. "அட, அது எனக்குத் தோணவே இல்ல பாருங்க! வேற எது நல்லாயிருக்கும்னு நினைக்கிறீங்க?"

வாங்க வந்தவரிடமே யோசனை கேட்கிறாரே! என்ன பணிவு! பண்ணைக்காரர் உற்சாகமாக மஞ்சள் வண்டியைக் காட்டினார். அதில் விளக்கு தானாக எரியும், அணைக்க முடியாது என்று பலகையில் போட்டிருந்தது.

"ஐயையோ, வேணாங்க!" தொப்பிக்காரர் பதறினார். "இருட்டுல எங்க போனாலும் காட்டிக் கொடுத்துரும்."

"கோழிங்களும் விடிஞ்சிருச்சுன்னு எந்திரிச்சுக்கும்" என்று ஒத்துக்கொண்டார் பண்ணைக்காரர்.

மூன்றாவதாக ஒரு பச்சை வண்டி. பேட்டரியில் ஓடுவது. முடுக்கினால் பூனை நடப்பது போல இருந்தது.

"ரோடு இல்லாத இடத்துலயும் போகுமாங்க?"

"போகணுங்க! நம்ம வேலைக்கு ரோட்டுல போனா ஆகுமா?" என்றார் தொப்பிக்காரர் உணர்ச்சிவசப்பட்டு.

"பாரத்தோட மேடு ஏறுமா?"

"ஏத்திப் பார்த்துருவோமே!"

கடைக்குள்ளிருந்து புது டயர்கள் வந்தன. பேட்டரிகள் வந்தன. தண்ணீர் பம்பு வந்தது. எல்லாவற்றையும் பண்ணைக்காரர்தான் தோள்கொடுத்துத் தூக்கி வைத்தார். தொப்பிக்காரர் எது கனம், எது புதுசு என்று பார்த்துப் பார்த்துச் சொன்னார்.

"எல்லாம் சரி. முட்டை உடையாம வருமா?"

தொப்பிக்காரர் தாடையைத் தடவியபடி கடைக்குள் எட்டிப் பார்த்தார். "முட்டைக்கு எங்க போறது? சுவத்துல பெரிய டீவி இருக்கு. அது உடையலைன்னா முட்டையும் உடையாது."

என்ன மூளை! பண்ணைக்காரர் ஓடிப்போய்க் கழற்றி வந்து, தன் துண்டையே மெத்தையாக மடித்து அடியில் வைத்தார். பிறகு வண்டியில் ஏறப் போனார்.

"நீங்க கீழ நில்லுங்க. அப்பத்தான் பின்பக்கம் ஆடுதா இல்லையான்னு தெரியும்."

அதுவும் நியாயம்தான். வண்டி கிளம்பியது. கடைக்குப் பின்னால் இருந்த மேட்டில் சத்தமே இல்லாமல் ஏறியது. டயர் உருளவில்லை, பம்பு நகரவில்லை, டீவி அசையவில்லை. உச்சியைத் தொட்டு அந்தப் பக்கம் இறங்கியது. பண்ணைக்காரர் கைதட்டிவிட்டு மனைவிக்குப் போன் போட்டார்.

"வண்டி முடிவாயிடுச்சும்மா. விக்கிற ஆளு சொக்கத்தங்கம். குறையைத்தான் முதல்ல சொல்றாரு."

"அவ்வளவு நல்லவனா? கொஞ்சம் பார்த்து நடந்துக்குங்க" என்றார் மனைவி.

"எல்லாரையும் சந்தேகப்படக் கூடாதும்மா" என்று கண்டித்துவிட்டுப் போனை வைத்தார்.

அப்போது வாசல் வழியாகக் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டே ஒருவர் வேகமாக உள்ளே வந்தார்.

"மன்னிச்சுக்குங்க சார், சாப்பிட்டு வர நேரமாயிடுச்சு. கடையில நான் ஒரே ஆளு. கவனிக்க யாருமில்லாம ரொம்ப நேரம் நின்னீங்களோ?"

பண்ணைக்காரர் மேட்டைப் பார்த்தார். பிறகு கடைக்காரரைப் பார்த்தார். மெதுவாகக் கேட்டார்:

"அந்தப் பச்சை வண்டி மாதிரியே... இன்னொண்ணு இருக்குங்களா?"