பக்கத்து வீட்டுத் தொப்பிக்காரன்

வீட்டு நிம்மதியின் விலை ஆயிரத்து எண்ணூறு. மெத்தைக் கடைக்காரர் வாழ்நாளில் பேரம் பேசாமல் வாங்கிய ஒரே சரக்கு அதுதான். வாங்கிய இரண்டாம் நாளே அந்த நிம்மதிக்குள் ஒரு தொப்பிக்காரன் புகுந்துவிட்டான்.

இன்று காலையும் அவன் வந்து போயிருந்தான். "நான் எழுந்திருக்கிறதுக்குள்ள செடிக்கெல்லாம் தண்ணி ஊத்திட்டாங்க," என்று தனக்குள் சிரித்துக்கொண்டே மனைவி குளிக்கப் போனாள்.

செடிகள் இருந்தது டேப்லெட்டுக்குள். வீடு கட்டி, வேலைக்குப் போய், தோட்டம் போட்டுக் குடும்பம் நடத்துகிற விளையாட்டு அது. இரண்டாம் பாகம் வெளியானதும் மனைவிக்கு வாங்கிக் கொடுத்தவர் சாட்சாத் இவரேதான்.

காரணம் இருந்தது. இவருடைய அம்மாவும் மனைவியும் ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் நாலு வருடம் ஓட்டிவிட்டார்கள். இந்த அறைச் சேதியை அந்த அறையில் சேர்ப்பது இவர் வேலை. விற்பனையிலேயே ஊறிய வாய் அல்லவா, சேதி கைமாறும்போது கொஞ்சம் மெருகும் ஏறும். இரண்டு பக்கமும் 'நீ ஒருத்தன்தான் எனக்கு' என்று இவரைத் தாங்கினார்கள். ஆனாலும் நடந்து நடந்து கால் ஓய்ந்துபோயிற்று. ஒருத்தி விளையாட்டில் மூழ்கினால் தனக்கு ஓய்வு கிடைக்கும் என்று கணக்குப் போட்டார்.

கணக்கு பலித்தது. பத்து நாளாகக் கொண்டுபோக ஒரு சேதிகூட இல்லை. தொலைபேசி இணைப்பகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மாவும், தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு டேப்லெட்டில் குறுக்கெழுத்துப் போட்டபடி இருந்துவிட்டாள்.

விளையாட்டில் பக்கத்து வீட்டுக்காரனாக வந்த தொப்பிக்காரனை இவர் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் பாகத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வெறும் பொம்மைகள். வணக்கம் சொல்லிவிட்டுப் போய்ச் சுவரில் முட்டிக்கொள்வார்கள். இவனும் அந்த ஜாதி என்றுதான் நினைத்தார்.

நேற்றுக் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது, இரண்டாம் பாகத்தில் என்னென்ன எதிர்பார்க்கலாம் என்று எவரோ எழுதியிருந்ததைப் படித்தார். மனிதர்களுக்கு வயதாகும். தண்ணீர் ஊற்றாவிட்டால் செடி வாடும். பக்கத்து வீட்டில் இருப்பது பொம்மை அல்ல. எங்கிருந்தோ விளையாடும் நிஜ ஆள். அந்த வரியைப் படித்த கையோடு, இரட்டைக் கட்டில் மெத்தை ஒன்றை ஒற்றைக் கட்டில் விலைக்கு விற்றுத் தொலைத்தார்.

இப்போது சோபாவில் டேப்லெட் தனியாகக் கிடந்தது. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம். எடுத்துப் பார்த்தார்.

"முதுகு வலி தேவலையா?" என்று தொப்பிக்காரன் கேட்டிருந்தான். "இன்னிக்குப் பரவாயில்ல. நீங்க சொன்ன மாதிரி ஒருக்களிச்சுப் படுத்தேன்," என்று இவள் பதில் எழுதியிருந்தாள்.

ஊர் முதுகு வலிக்கெல்லாம் மெத்தை விற்பவருக்குத் தன் மனைவியின் முதுகு வலி புதுச் செய்தி. எவனோ ஒருத்தன் எப்படிப் படுக்க வேண்டும் என்று சொல்கிறான். இவளும் அப்படியே படுக்கிறாள்.

அதற்கும் கீழே அவள் எழுதியிருந்த வரிதான் ஆளைச் சாய்த்தது. "இத்தனை வருஷம் உங்ககிட்டப் பேசாம வீணாக்கிட்டேனேன்னு இருக்கு."

ஆக, புதுப் பழக்கம் இல்லை. தன் குடித்தனம் கண்ணெதிரே இன்னொருத்தன் கைக்குப் போய்க்கொண்டிருப்பதாகவே முடிவு செய்தார். ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்று, மனைவி எழுதுவது போலவே எழுதினார்.

"நேர்ல உக்காந்து பேசணும் போல இருக்கு."

"எனக்கும்தான். அவன் வீட்ல இருக்கானே."

அவனாம். பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த வரியைத் தட்டினார். "அவர் வெளில போயிட்டார்."

பதில் வந்தது.

"எப்ப? கதவுச் சத்தம் கேக்கலையே."

அந்த வரியை இரண்டு தடவை படித்தார். மூன்றாம் தடவை படிப்பதற்குள் பக்கத்து அறைக் கதவு திறந்தது. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டபடி அம்மா எட்டிப் பார்த்தாள். அவள் கையில் இருந்த டேப்லெட்டில், பூவாளியும் கையுமாகத் தொப்பிக்காரன் நின்றுகொண்டிருந்தான்.

இவர் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. இறங்கிய வேகத்தில் வேறொரு எரிச்சல் ஏறிக்கொண்டது. தன்னை விட்டுவிட்டு இவர்கள் இரண்டு பேரும் எப்படி?

"ஒரே வீட்ல இருந்துக்கிட்டு இது என்னம்மா கண்ணாமூச்சி? பேசணும்னா என்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே. இத்தனை நாளும் நான்தானே போய்ப் போய்ச் சொன்னேன்."

அம்மாவின் பார்வை மகனின் தோளைத் தாண்டிப் போனது. தலையில் சுற்றிய துண்டோடு மருமகள் வந்து நின்றிருந்தாள். அந்த வீட்டுக் கூடத்தில், நாலு வருடத்தில் முதல் தடவையாக, அவள் மாமியாரைப் பார்த்து வாய் திறந்தாள்.

"அத்தை, நமக்கு நடுவுல இவர் திரிச்சுச் சொன்ன பொய் மொத்தம் நாப்பத்தொண்ணுதானே?"

"நாப்பத்திரண்டும்மா. வெளில போயிட்டதா இப்ப ஒண்ணு சொன்னான்."