ஜேசனுக்கு ஓர் இடம்

“ஜேசனை இனிமே வெளியில நிறுத்தி வைக்கிறதுல அர்த்தமே இல்ல.”

பால்கனியிலிருந்து கணவரின் குரல் கேட்டதும் அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. காதோரம் கையை வைத்து, வீட்டுக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். ஆபீஸ் பேச்சு என்றால் கதவைச் சாத்திக்கொள்பவர், இன்று சாத்தவில்லை. அவருடைய அண்ணனிடம்தான் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

“எப்படி வந்தாலும் அப்படியே ஏத்துக்கலாம். நம்ம கட்டத்துக்குள்ள அடங்கணும்னு வெட்டி ஒட்ட வேண்டாம்.”

ஜேசன், மகள் விரும்பிக் கட்டிக்கொண்டவன். “இந்தக் குடும்பத்துல அவனுக்குப் பொருந்துற கட்டம் இல்ல” என்று இவர் சொன்ன அன்று மகள் படியிறங்கினாள். அதன் பிறகு வீடு மரத்துப்போனது. அவர் சாப்பிட்டார், வேலைக்குப் போனார், தூங்கினார். அவளும் அப்படித்தான். அழக்கூடத் தோன்றவில்லை.

ஆண்டவனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஹாலுக்கு வந்தாள். அவருடைய சார்ஜர் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. உயிர் போகும் நிலையிலிருந்த தன் போனை அதில் செருகி, மகளை அழைத்தாள்.

“அப்பா மனசு இறங்கிட்டாருடி. நாளைக்கு ரெண்டு பேரும் வாங்க.”

“நிஜமாவாம்மா? மறுபடி வாசல்லயே நிக்க வெச்சு அனுப்பினா, அப்புறம் நான் வரவே மாட்டேன்.”

“என் காதால கேட்டேன்டி.”

மறுநாள் ஞாயிறு. அவர் சவரம் செய்து, இஸ்திரிச் சட்டை போட்டு, பேப்பரும் கையுமாக உள்ளே உட்கார்ந்திருந்தார். பக்கம் புரளவில்லை. மகள் வருவதை அவரிடம் சொல்ல அவளுக்கு இன்னும் வாய் வரவில்லை.

மணி அடித்தது. வாசலில் நின்றது அவருடைய ஆபீஸில் வேலை பார்க்கும் பெண். அவளுக்கு யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது.

“வாம்மா. உங்க சார் ஜேசனை ஏத்துக்கிட்டார், தெரியுமா?”

“தெரியாம என்னக்கா! எங்களைப் படுத்தின பாடு கொஞ்சமா?” அந்தப் பெண் சிரித்தாள். “டேட்டாபேஸ்னா எல்லாம் வரிசையா, கட்டம் கட்டமாதான் இருக்கணும்னு ஒத்தைக் கால்ல நின்னார். ஜேசன் அப்படி வராதே. ஒண்ணுல ரெண்டு விவரம் இருக்கும், இன்னொண்ணுல இருபது இருக்கும். போன மாசம்தான் இறங்கி வந்து, அதுக்குன்னு ஒரு இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.”

“ஜேசன்னா... ஆளில்லையா?”

“ஆளா? கம்ப்யூட்டர்ல தகவலை எழுதி வைக்கிற ஒரு முறைக்கா. அதுக்குப் பேரே அதுதான்.”

அவள் இடுப்பிலிருந்த போன் அதிர்ந்தது. தெருமுனைக்கு வந்துவிட்டார்களாம்.

“அப்போ நேத்து சாயங்காலம் அவர் போன்ல பேசினது உன்கிட்டதானா? அந்த ஜேசனைப் பத்திதானா?”

அந்தப் பெண் விழித்தாள். கைப்பையைத் திறந்து எதையோ எடுத்து நீட்டினாள்.

“போன்லயா? ஆபீஸ்ல மறந்து வெச்சுட்டுப் போன சார் போன் நேத்து மத்தியானத்திலிருந்து என்கிட்டதானே இருக்கு, அக்கா!”

அவள் உள்ளே திரும்பினாள்; நேற்று காதோரம் வைத்திருந்த அதே வெறுங்கையால் பேப்பரை இறக்கி, அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.