ஆறு மணி மீட்டிங்

ஒரு மணி நேரம் இருபது நிமிடம் தாமதம். அவள் ஓடி வந்து சேர்ந்தபோது குழந்தைகள் காப்பகத்தில் வாசல் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே நான்கு வயது மகன், முதுகில் மாட்டிய பையோடு பெஞ்சிலேயே தூங்கிப் போயிருந்தான்.

பக்கத்தில் டீச்சர் சாவிக்கொத்தும் கையுமாக நின்றிருந்தார்.

"வாங்க மேடம். இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா பல்லு தேய்ச்சே அனுப்பியிருப்பேன்."

"சாரி டீச்சர். மீட்டிங் இழுத்துடுச்சு."

"ப்ரமோஷன் உங்களுக்கு. ரெண்டு வாரமா ஓவர்டைம் எனக்கா?"

அவள் மகனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். மருந்து கம்பெனியின் பரிசோதனைக் கூடத்துக்கு இனி நீங்கள்தான் தலைமை என்றதும் சந்தோஷமாகத் தலையாட்டியவள் அவள். எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்று கேட்கத் தோன்றவில்லை.

டீச்சர் விடுவதாக இல்லை. "எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. பூட்டின வீட்டு முன்னாடி மாடிப்படியில உக்காந்து வீட்டுப்பாடம் எழுதறா. வீட்டுச் சாவி இங்க ஆடுது, பாருங்க."

"தப்புதான் டீச்சர்."

"நாளைக்கும் இதே கதைன்னா திங்கட்கிழமையிலிருந்து வேற இடம் பார்த்துக்கோங்க. உங்க மேனேஜர்கிட்ட வாயைத் திறந்து சொல்லுங்க. அவருக்கும் வீட்டுல புள்ளகுட்டி இருக்கும்ல?"

மறுநாள் ஐந்தரைக்கே அவள் மேனேஜர் அறைக்குப் போய்விட்டாள். "சார், பையனைக் கூட்டிட்டு வரணும். இன்னைக்கு சீக்கிரம்..."

"உக்காருங்கம்மா. மீட்டிங் முடியட்டும், பேசிக்கலாம்."

மீட்டிங் வழக்கம்போல ஆறு மணிக்குத் தொடங்கியது. அன்றன்றைய சோதனை முடிவுகளை அவள் வரிவரியாக வாசிக்க வேண்டும், அவர் கண்ணை மூடிக் கேட்பார். அதுதான் மீட்டிங்.

ஆறே முக்காலுக்கு அவள் வாசிப்பதை நிறுத்தினாள். "இதெல்லாம் நாலு மணிக்கே உங்களுக்கு அனுப்பிட்டேன் சார்."

"காதால கேட்டாத்தான்மா எனக்குத் திருப்தி."

"அப்ப நாலு மணிக்கே கேளுங்க. இனிமே ஆறு மணிக்கு மேல நான் இருக்க மாட்டேன். போனும் எடுக்க மாட்டேன்."

மேனேஜர் கண்ணைத் திறந்தார். "புள்ளைய சாக்கு சொல்றவங்களுக்கு ப்ரமோஷன் எதுக்கு? விட்ட இடத்துல பார்த்துக்க மாட்டாங்களா? சும்மாவா பார்க்கறாங்க, காசு வாங்கறாங்கல்ல?"

"அவங்களுக்கும் வீடுன்னு ஒண்ணு இருக்கு சார்."

"அது அவங்க கவலை. உங்களுக்கென்ன வந்தது?"

அவள் ஃபைலை ஓங்கி மூடினாள். அதே நேரம் அவருடைய போன் அடித்தது. எடுத்ததும் அவர் குரல் குழைந்தது.

"என்னடா தங்கம்? அம்மா இன்னும் வரலையா? அழாத. அந்தப் படியிலயே உக்காரு, அப்பா இதோ அம்மாவுக்குப் போன் பண்றேன்."

அவர் போனை வைத்த வேகத்தில் மேஜையிலிருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது. முகம் சிவந்திருந்தது.

"என் வீட்டுக் கூத்தைக் கேளுங்க. என் வொய்ஃப் டே கேர் நடத்தறா. ஆறு மணிக்குப் பூட்டணும். எவளோ ஒருத்தி ரெண்டு வாரமா ஏழரைக்குத்தான் வர்றாளாம். அவளால என் பொண்ணு இருட்டுல உக்காந்து அழுதுட்டிருக்கு. பெத்தா மட்டும் போதுமா, பொறுப்பு வேணாம்? அந்த மகராசி மட்டும் என் கண்ணு முன்னாடி வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்!"

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். வாசலுக்குப் போகாமல் அவருக்கு நேர் எதிரே வந்து நின்றாள்.

"கேளுங்க சார். அந்த மகராசி நான்தான்."