பெரிய சார் ரூமுக்குப் பக்கத்துல

"ஏம்மா, என் ரூம் எங்கே, இது எங்கே? உங்களுக்கே நல்லா இருக்கா?"

தலைமையாசிரியர் வரைபடத்தின் மேல் விரலால் ஒரு குத்துக் குத்தினார். புதுப் பள்ளிக் கட்டடத்தின் வரைபடம் அது. பழையதை இடித்துத் தரைமட்டமாக்கியாகிவிட்டது. பிள்ளைகள் தகரக் கொட்டகையில் வெந்துகொண்டிருந்தார்கள். தலைமையாசிரியரின் அலுவலகம் ஆய்வுக்கூடத்துக்குக் குடிபெயர்ந்திருந்தது. வரைபடம் சுருண்டுவிடாமல் நாலு மூலையிலும் நாலு கண்ணாடிக் குடுவைகள். அவர் முதுகுக்குப் பின்னால் பல்லைக் காட்டிக்கொண்டு ஓர் எலும்புக்கூடு.

"உங்க ரூம் நடுவுல சார். கதவுக்கு நேர் எதிர்ல பிள்ளைங்க டாய்லெட்," என்றாள் ஆர்க்கிடெக்ட், ஏதோ பூந்தொட்டி வைத்ததைச் சொல்வதுபோல.

"அதைத்தானே கேக்கிறேன்! கதவைத் திறந்தா தோட்டம் தெரியணும்னு நான் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க சார். ஆனா ஒரு பிள்ளை வேற மாதிரி கேட்டிருக்கு. எனக்கு அது சரின்னு பட்டுச்சு."

போச்சுடா! போன மாதம் இந்தப் பெண் வராந்தாவில் ஓர் அட்டைப் பெட்டியை வைத்து, 'உங்க புது ஸ்கூல் எப்படி இருக்கணும்?' என்று எழுதி ஒட்டியபோதே இது வம்பில்தான் முடியும் என்று அவருக்குத் தோன்றியது. மிஞ்சிப்போனால் நீச்சல் குளம் கேட்பார்கள் என்று நினைத்திருந்தார். இப்படித் தன் தலையிலேயே கைவைப்பார்கள் என்று கண்டாரா?

"என்ன எழுதியிருக்கான்? படிங்க, கேப்போம்."

அவள் தன் நோட்டைப் புரட்டினாள். "'ஐயா, பெரிய சார் ரூமைக் கழிவரைக்குப் பக்கத்தில் வைக்கவும். அப்போதுதான் நாற்றம் அவருக்கும் தெரியும். மறுநாளே சுத்தமாகிவிடும்.' கழிவறைக்குச் சின்ன 'ர' போட்டிருக்கு சார். நான் அப்படியே காப்பி பண்ணிக்கிட்டேன்."

எலும்புக்கூட்டுக்குத் துணையாக நின்றுகொண்டிருந்த பி.டி. மாஸ்டர் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்.

"எந்த கிளாஸ்?"

"ஏழு பி."

"ஏழு பியா? நினைச்சேன்! மாஸ்டர், மொத்த கிளாஸையும் வரிசையா நிக்க வைங்க. எல்லார் நோட்டும் இங்கே வரணும். 'கழிவரை'ன்னு எழுதறவன் எவன்னு பாத்துடுவோம்."

"அப்படிப் பாத்தா மொத்த கிளாஸும் மாட்டும் சார்."

தலைமையாசிரியர் அவரை முறைத்துவிட்டு ஆர்க்கிடெக்ட் பக்கம் திரும்பினார். "நானும் இதே பள்ளிக்கூடத்துல படிச்சவன்தாம்மா. பெரிய சார் வர்றார்னா தூணுக்குப் பின்னாடி ஒளிவோம். குறை சொல்ல எங்களுக்கு வாய் வருமா? இப்ப இருக்கிற வாண்டுங்களுக்குத் துளி பயம் கிடையாது. ரூமை மாத்துங்க, கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா ஆளை விடுங்க."

அவள் முகம் விழுந்துவிட்டது. அஸ்திவாரம் தோண்ட நாளைக் காலையில் ஆட்கள் வருகிறார்கள். இவர் கையெழுத்து விழாவிட்டால் அவர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். அப்புறம் கொட்டகைதான் கதி.

"இன்னும் ரெண்டு வரி இருக்கு சார். அதையும் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க." அவள் குரல் தணிந்தது. "'நாங்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் அங்கே போக வேண்டும். வெயிலில் விளையாடினாலும் குடிப்பதில்லை.'"

தலைமையாசிரியர் பி.டி. மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"நிஜமாவா மாஸ்டர்? நம்ம பிள்ளைங்க தண்ணி குடிக்கிறதில்லையா?"

"பாட்டிலை நிறைச்சுக் கொண்டு வர்றாங்க சார்," என்றார் பி.டி. மாஸ்டர். இப்போது அவர் சிரிக்கவில்லை. "நிறைஞ்சது நிறைஞ்சபடியே வீட்டுக்குக் கொண்டு போறாங்க."

தலைமையாசிரியருக்குச் சுருக்கென்றது. "இத்தனை வருஷமா இங்கேதான் குப்பை கொட்டிக்கிட்டிருக்கேன். எனக்கு ஏன்யா இது தெரியாமப் போச்சு?"

"உங்க ரூம் தோட்டத்துப் பக்கம் இருந்துச்சே சார்," என்றாள் ஆர்க்கிடெக்ட்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. பேனாவைத் திறந்து, வரைபடத்தின் ஓரத்தில் தன் பெயரை நீட்டி முழக்கிக் கையெழுத்துப் போட்டார்.

"நாளைக்கே தோண்டச் சொல்லுங்க. என் கதவுல பாதிக்குக் கண்ணாடி வைங்க, உக்காந்த இடத்துல இருந்தே தெரியட்டும்." நிமிர்ந்து உட்கார்ந்தார். பழைய மிடுக்கு திரும்பிவிட்டது. "இப்ப சொல்லுங்க, யார் அந்தப் பய?"

"திட்ட மாட்டீங்களே?"

"சேச்சே! நல்ல பேனாவா ஒண்ணு வாங்கிக் கொடுக்கணும். எவ்வளவு தைரியம் பாருங்க அவனுக்கு! பேனாவைக் கொடுத்துட்டு, அதாலயே 'கழிவறை'ன்னு நூறு தடவை எழுத வைக்கணும்."

அவள் சிரித்துக்கொண்டே ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். "இது என் அட்டைப் பெட்டியில வந்தது இல்ல சார். பழைய ஆபீஸைக் காலி பண்ணினப்ப, பீரோவுக்குப் பின்னாடி ஒரு தகரப் பெட்டி கிடைச்சுது. மேல 'மாணவர் குறைகள்'னு எழுதியிருந்துச்சு. பூட்டு துருப்பிடிச்சுக் கிடந்துச்சு. யாரும் ஒரு தடவைகூடத் திறந்த மாதிரி தெரியலை."

தலைமையாசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பழுப்பேறிய அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார்.

தேதி, நாற்பத்திரண்டு வருடங்களுக்கு முந்தையது. கடைசியில், 'இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிந்த மாணவன்' என்று வெகு பவ்யமாகப் போட்டு, இனிஷியலோடு அவருடைய பெயரே இருந்தது.